ஆறாங்கூட்டம்

விண்மீன்களைப் பற்றி நாங்கள் இருபது ஆண்டுகளாக வகுப்பெடுத்து வருகிறோம். அவற்றுள் ஒன்றை வானத்தில் சுட்டிக்காட்டி, இதுதான் இது என்று பெயர் சொல்லும் தகுதி எங்களுக்கு வந்தது 2020ஆம் ஆண்டில்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆயினும் இதை மறைத்துவிட்டு மேலே எழுத இயலாது.

நாங்கள் என்பது நால்வர். ஒரே கல்லூரியில் பணியாற்றுகிறோம். மூவர் தமிழ்த்துறையினர், ஒருவர் இயற்பியல் துறையினர். நால்வரில் இருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மருத்துவர் சொன்ன பிறகு, சனிக்கிழமை மாலைகளில் கடற்கரையில் நடப்பது என்று முடிவு செய்தோம். கடலூருக்கு வடக்கே தென்பெண்ணை கடலில் கலக்கும் தாழங்குடாவில் தொடங்கினோம். தேவனாம்பட்டினம் வந்து, கெடிலத்தின் முகத்துவாரத்தில் புனித டேவிட் கோட்டையின் மிச்சங்களைப் பார்த்தோம். அங்கே ஆறு வழியை அறுத்துவிடும். சுற்றிக்கொண்டு துறைமுகப் பக்கம் வந்து மீண்டும் தெற்கே நடக்க வேண்டும். ஒரே மூச்சில் அன்று. ஒவ்வொரு வாரமும் ஒரு துண்டாக. இப்படியே இராசாப்பேட்டை, சித்திரைப்பேட்டை, சாமியார்பேட்டை என்று இறங்கி, சில மாதங்களில் வெள்ளாறு கடலைச் சேரும் பரங்கிப்பேட்டை வரை வந்துவிட்டோம்.

நடக்க நடக்க ஒன்று விளங்கிற்று. நெய்தல் திணையை நாங்கள் நடத்தியதெல்லாம் கரும்பலகையில்தான். அடும்பு என்று எழுதி, அதன் எதிரே 'ஒரு கொடி' என்று எழுதிவிடுவோம். மணலில் படர்ந்து, ஆட்டுக்குளம்பு போலப் பிளந்த இலையும் ஊதாப் பூவுமாகக் காலில் சிக்கிய கொடியை, 'அடப்பங்கொடி சார், பாத்து' என்று ஒரு மீனவச் சிறுவன் சொன்னபோதுதான், இருபது ஆண்டு எழுதிய சொல் எங்கள் செருப்பில் மாட்டியிருப்பது தெரிந்தது. அடும்பும் அடப்பமும் ஒன்றுதான். அவனுக்கு அது பாடம் இல்லை, எங்களுக்கு அது கொடி இல்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

இந்நிலையில்தான் அந்த விடைத்தாள் விவகாரம் நிகழ்ந்தது.

புறநானூற்றின் 229ஆம் பாட்டு எங்கள் இளங்கலைப் பாடத்தில் உண்டு. கூடலூர் கிழார் பாடியது. ஒரு பங்குனி மாதத்து நள்ளிரவில் வானத்திலிருந்து ஒரு மீன் விழுகிறது. அதைக் கண்டு அஞ்சிய புலவர் நெஞ்சு நடுங்கியபடியே, ஏழாம் நாள் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்துபடுகிறான். அப்பாட்டு கார்த்திகை நாளைக் குறிப்பிட்டுத் தொடங்குகிறது. 2019இல் நடந்த உள்மதிப்பீட்டுத் தேர்வில் கார்த்திகையைப் பற்றிக் குறிப்பு எழுதுமாறு கேட்டிருந்தோம். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, 'ஆறாங்கூட்டம் எனப்படும் விண்மீன்கள்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் வட்டமிட்டு, 'பிழை. கார்த்திகை, அறுமீன், ஆரல் என எழுதுக' என்று ஓரத்தில் குறித்து, ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தோம். அந்தக் கையெழுத்து எங்கள் மூவரில் யாருடையது என்பது இங்கே முக்கியமன்று. எவர் திருத்தியிருந்தாலும் அதையேதான் செய்திருப்போம்.

தாளைப் பெற்றுக்கொண்ட அவள், 'எங்க தாத்தா அப்படித்தான் சொல்வாரு ஐயா' என்றாள். சாமியார்பேட்டைக்கும் பரங்கிப்பேட்டைக்கும் இடையில் உள்ள ஒரு மீனவக் குப்பம் அவளுடைய ஊர். 'வீட்டில் சொல்லலாம் அம்மா, தேர்வில் எழுதக் கூடாது' என்று விடை சொன்னோம். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ஆண்டு மார்கழியில் ஒரு செய்தி உலகெங்கும் அடிபட்டது. திருவாதிரை மங்கிக்கொண்டு வருகிறது என்பது அச்செய்தி. திருவாதிரை என்பது மேலைநாட்டார் பீட்டல்ஜூஸ் என்று அழைக்கும் செம்பெரு விண்மீன். வானத்தில் மிக ஒளியுடைய பத்து விண்மீன்களில் ஒன்றாக எண்ணப்படுவது, 2019இன் இறுதியிலிருந்து வழக்கத்துக்கு மாறாக ஒளி குன்றி, 2020 பிப்ரவரியில் இயல்பான ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. இப்போதே வெடித்துவிடும் என்றுகூடச் சிலர் எழுதினர். விண்மீன் தன் உடலிலிருந்து உமிழ்ந்த வளி குளிர்ந்து தூசுப்படலமாகி, நமக்கும் அதற்கும் இடையே திரையிட்டது என்ற விளக்கம் பின்னர்தான் வெளிவந்தது.

எங்கள் இயற்பியல் நண்பர் இச்செய்தியை ஆசிரியர் அறையில் சொன்னபோது, தமிழ்த்துறையினர் மூவரும் பரபரப்படைந்தோம். மார்கழித் திருவாதிரை அன்றோ சிதம்பரத்தின் பெருவிழா! ஐம்பூதத் தலங்களுள் ஆகாயத் தலம் அது. அம்பலவாணரின் நாள்மீனே மங்குகிறதென்றால் சும்மா இருப்பதா? அந்த முறை ஆருத்ரா தரிசனம் 2020 ஜனவரி 10ஆம் நாள். முந்தைய இரவு நால்வரும் கீழவீதியில் நின்று அண்ணாந்து பார்த்தோம். மேலே நிறைநிலவை நெருங்கிய நிலவு. கீழே தெருவிளக்கு, கடைவிளக்கு, விழாவுக்குக் கட்டிய சரவிளக்கு. அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து புள்ளிகள் தெரிந்தன. எது திருவாதிரை என்று மூவரும் மூன்று புள்ளிகளைக் காட்டினோம். நண்பர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, 'நிலவில்லாத நாளில் கடற்கரைக்குப் போவோம்' என்றார்.

ஜனவரி 25, சனிக்கிழமை. தை அமாவாசைக்கு மறுநாள். புதுச்சத்திரத்தில் இறங்கிச் சாமியார்பேட்டைக்கு வந்து, சூரியன் மறைந்த பின் தெற்கு நோக்கி நடக்கத் தொடங்கினோம். கைவிளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றியிருந்தோம். கண் இருளுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். இடையில் ஒருமுறை வெள்ளை ஒளி பட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம் என்பதாலும் வெள்ளை ஒளி ஆகாது. பொரித்த குஞ்சுகள் வெளிச்சமுள்ள பக்கத்தைக் கடல் என்று நம்பிப் போகும். நம் விளக்குகள் அவற்றை ஊருக்குள் இழுத்துவிடும்.

மேற்கே சவுக்குத் தோப்பின் மேல் வெள்ளிக் கோள் சுடர்ந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் கடல். முதுகுப்பக்கம், அடிவானத்திலிருந்து நீட்டிய கையின் முட்டி அளவு உயரத்தில், துருவ மீன். நம் ஊரின் குறுக்குக்கோடு பதினொன்றரைப் பாகையை ஒட்டியது. ஆதலால் துருவ மீனும் அந்த உயரத்திலேயே நிற்கும். இதை நண்பர் சொல்லக் கேட்டு, நால்வரும் இருட்டில் முட்டியை நீட்டி நின்ற காட்சியை யாரும் பார்க்கவில்லை என்பதில் நிம்மதி.

மாணவியின் குப்பத்தை அடைந்தபோது மணி எட்டு இருக்கும். முன்பே சொல்லி வைத்திருந்ததால் அவள் கரையில் காத்திருந்தாள். கரையோரத்தில் கூரையற்ற சில சுவர்கள் நின்றன. 2004 டிசம்பர் 26க்கு முன் அவை வீடுகள். அன்றும் மார்கழிப் பௌர்ணமி; சிதம்பரத்தில் திருவாதிரை விழாக் காலம். பிச்சாவரத்துக்கு அப்பால் எம்.ஜி.ஆர். திட்டு என்ற ஊர் குடியற்றுப் போனது அன்றுதான். இக்குப்பத்தார் பின்னர் உள்ளே தள்ளிக் கட்டிக் கொடுத்த கான்கிரீட் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். தெருவிளக்கும் அவர்களோடு உள்ளே போயிற்று. அதனால்தான் கரையில் இத்தனை இருள்.

பழைய சுவர் ஒன்றில் சாய்ந்தபடி அவளுடைய தாத்தா உட்கார்ந்திருந்தார். கட்டுமரத்தில் பாய் விரித்துப் போன தலைமுறை. எழுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். 'வாங்க சார், வாங்கம்மா. பாப்பாவோட வாத்தியாருங்களா? ஒக்காருங்க' என்று மணலைத் தட்டிக் காட்டினார். பின்பு எங்களைக் கேளாமலே தலையை நிமிர்த்தி, கையை நேர் மேலே உயர்த்தினார்.

'அதோ, ஆறாங்கூட்டம்.'

உச்சியிலிருந்து சற்று விலகி, மூச்சுப் பட்ட கண்ணாடி போல ஒரு சிறு மங்கல். உற்றுப் பார்க்க அது பிரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு. தொலைநோக்கியில் ஆயிரத்துக்கு மேல் காட்டும் கூட்டம், வெறுங்கண்ணுக்கு ஆறுதான். அறுமீன் என்றாலும் ஆறாங்கூட்டம் என்றாலும் எண்ணிப் பார்த்தவர் இட்ட பெயர். நாங்கள் எண்ணாமலே ஒன்றைச் சரி என்றும் மற்றொன்றைப் பிழை என்றும் தீர்ப்பளித்திருந்தோம். அந்த நேரத்தில் மாணவி வானத்தைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவருக்கு விண்மீன் எல்லாமே 'வெள்ளி'தான். நண்பருக்கு வெள்ளி ஒரு கோள். இருவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சிறிது நேரம் வெவ்வேறு திசையில் பேசிக்கொண்டிருந்தது நல்ல வேடிக்கை. வரிசையாக நிற்கும் மூன்றையும் காட்டி, 'மூணு வெள்ளி' என்றார். 'அதுக்கு மேல செவப்பா ஒண்ணு நிக்கும், பாருங்க.'

'அதுதான் திருவாதிரை' என்றார் நண்பர். 'இப்போது மங்கிப் போயிருக்கிறது, ஐயா.'

பெரியவர் சட்டென்று திரும்பினார். 'மங்கியிருக்கா? நெசமாவா?'

'ஆமாம். உலகம் முழுக்கப் பேசிக்கொள்கிறார்கள். வழக்கமான ஒளி இல்லை.'

'அடப்பாவமே! எங்கண்ணுலதான் புரை விழுந்துபோச்சுன்னு நெனச்சேன் சார். மார்கழியிலேர்ந்து அது மட்டும் சரியாத் தெரியல. இந்தப் பக்கத்து வெள்ளியும் அதுவும் ஒண்ணாட்டம் இருக்கு. யார்கிட்டயும் சொல்லல. கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்களேன்னு பயந்துகிட்டு இருந்தேன்' என்று சொல்லிவிட்டு உரக்கச் சிரித்தார். பேத்தியும் சிரித்தாள்.

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. வான்நூலார் கருவி கொண்டு அளந்த மாற்றத்தை, கடலுக்குப் போவதை நிறுத்திப் பல ஆண்டுகளான ஒருவர் சுவரில் சாய்ந்தபடியே கண்டிருக்கிறார். நாங்களோ, ஆகாயத் தலத்துக்குப் பக்கத்திலேயே இருபது ஆண்டு குடியிருந்து, கீழவீதியில் மூன்று புள்ளிகளைக் காட்டியவர்கள்.

அவ்விரவு அவர் சொன்னவை பல. ஆறாங்கூட்டம் எங்கே நிற்கிறது என்பதைக் கொண்டு வலை போடும் நேரத்தையும் இழுக்கும் நேரத்தையும் அறிவார்களாம். ஒரு விண்மீன் நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி எழுகிறது. மாதத்துக்கு இரண்டு மணி. ஆதலால் ஐப்பசியில் பார்த்த கணக்கு தையில் பொருந்தாது. எந்த மாதத்தில் எந்த வெள்ளியைப் பார்ப்பது, அது எவ்வளவு உயரம் வந்தால் எத்தனை நாழிகை, கரைக்குத் திரும்பும்போது வடக்கு வெள்ளி எந்தத் தோளுக்கு நேராக இருக்க வேண்டும் என்று ஒரு முழுக் கணக்கு அவரிடம் இருந்தது. எழுதப்படாத கணக்கு. 'இப்ப எவன் சார் அண்ணாந்து பாக்கறான்? ஃபைபர் போட்டுல ஜி.பி.எஸ். பெட்டி இருக்கு. அதுவே கொண்டாந்து விட்டுடுது' என்றார். குறையாகச் சொல்லவில்லை. பெட்டி வந்த பிறகு வழிதவறிப் போவது குறைந்திருக்கிறது என்பதையும் அவரே சொன்னார்.

ஒன்பதே முக்காலுக்குத் திருவாதிரை எங்கள் தலைக்கு மேல் வந்தது. சிதம்பரத்தின் குறுக்குக்கோட்டுக்கும் அவ்விண்மீன் செல்லும் பாதைக்கும் நான்கு பாகையே வேறுபாடு. ஒவ்வொரு நாளும் அது அந்த ஊரின் உச்சியைக் கிட்டத்தட்ட உரசிக்கொண்டு போகிறது. நடராசருக்கு உரிய நாள்மீனாக அதைக் கொண்ட காரணம் இதுதான் என்று சொல்ல வரவில்லை. ஆயினும் பொற்சபைக் கூரைக்கு நேர் மேலே அது செல்வதைக் கண்ட முன்னோர் இருந்திருப்பர் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

புறப்படும்போது, 'அடுத்த அமாவாசைக்கு நோட்டுப் புத்தகத்தோடு வருகிறோம். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும்' என்றோம். 'எழுதி என்ன சார் பண்ணப் போறீங்க? சரி, வாங்க' என்றார்.

அடுத்த வாரம் மாணவியை அழைத்து, விடைத்தாளில் பிழை செய்தவர்கள் நாங்கள்தாம் என்று சொன்னோம். மதிப்பெண் பட்டியல் எப்போதோ அனுப்பப்பட்டுவிட்டது, திருத்த வழியில்லை. 'ஒரு மார்க்குதானே ஐயா, பரவாயில்லை' என்றாள். எங்களுக்கு அது ஒரு மதிப்பெண்ணாகத் தோன்றவில்லை.

பிப்ரவரி அமாவாசைக்குப் போகவில்லை. அந்த வாரம் விடைத்தாள் திருத்தும் பணி இருந்தது. இன்னொரு மாதம் கழித்துப் போனால் என்ன குறைந்துவிடும் என்று தள்ளிப்போட்டோம். மார்ச் 28, சனிக்கிழமை என்று நாள் குறித்தோம். 25ஆம் நாளே நாடு முழுவதும் ஊரடங்கு. அதன் பிறகு குப்பத்துக்குள் வெளியார் வருவதை எவரும் விரும்பவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. தொலைபேசியில் கேட்கலாம் என்று ஒருமுறை முயன்றோம். 'வெள்ளியைப் போன்ல எப்படிச் சார் காட்டுறது?' என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி.

2021 மே மாதத்தில், இணையவழி வகுப்புக்கு ஒரு வாரமாக அந்த மாணவி வரவில்லை என்று கவனித்து விசாரித்தபோதுதான் பெரியவர் காலமான செய்தி தெரிந்தது.

பின்னர் அவளிடம் கேட்டு, நினைவில் இருந்த பெயர்களை எழுதினோம். ஏழு பெயர்கள். பெயர்கள் கிடைத்தன, கணக்கு கிடைக்கவில்லை. எந்த மாதத்தில் எது எழுந்தால் என்ன என்ற அந்த முறை அவளுக்குத் தெரியாது. 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்குன்னு சொல்லித் தரல. தம்பிக்குச் சொல்லித் தந்திருப்பாரு, அவன் கேக்கல' என்றாள். ஒரு நூல் எரிந்து போனதைப் படித்தால் பதறும் நாங்கள், ஒரு மாதத் தவணையில் இதை இழந்தோம். எரித்தவர் என்று யாரையும் சுட்ட முடியாது.

2022 ஏப்ரல் 2, சனிக்கிழமை; பங்குனி மாதம். அமாவாசைக்கு மறுநாள். மீண்டும் அதே கரைக்குப் போனோம். இப்போது முதுகலை படிக்கும் அந்த மாணவியும் அவளுடைய தம்பியும் உடன் வந்தனர். வழியில் ரோந்து வந்த காவலர் ஒருவர் வண்டியை நிறுத்தி, இந்நேரத்தில் இங்கே என்ன வேலை என்று கேட்டார். நட்சத்திரம் பார்க்கிறோம் என்றோம். 'சோசியமா?' என்றார். 'இல்லை, புறநானூறு' என்றோம். சிறிது யோசித்துவிட்டு, 'ஜாக்கிரதையா இருங்க' என்று சொல்லிப் போனார்.

விளையாட்டாகச் சொன்ன விடையாயினும் உண்மை அதுதான். அந்த 229ஆம் பாட்டில், மீன் விழுவதற்கு முன் புலவர் வானத்தைச் சொல்கிறார். உச்சியில் நின்ற ஒரு மீன் சாய்கிறது, அதற்கு எதிரே ஒன்று எழுகிறது, முன் சென்ற ஒன்று துறையில் இறங்குகிறது. பழைய உரைகாரர் அவற்றை உத்தரம், மூலம், மிருகசீரிடம் என்று அடையாளம் காட்டுகிறார். இம்மூன்று பெயர்களையும் இருபது ஆண்டுகளாகப் பலகையில் எழுதி, தீநிமித்தம் என்று அடிக்கோடிட்டு நகர்ந்திருக்கிறோம்.

இரவு பதினொன்றேகால் இருக்கும். மேற்கே தோப்பின் இருளுக்குள் மிருகசீரிடம் இறங்கி மறைந்திருந்தது. திருவாதிரை, தன் பழைய சிவப்பு ஒளியை மீட்டுக்கொண்டு, அதன் பின்னே போய்க்கொண்டிருந்தது. தலைக்கு மேல், சற்று வடக்கே, உத்தரம். தென்கிழக்கில் கடல் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். அரைமணி நேரம் கடந்திருக்கும். 'தேளு!' என்றான் தம்பி. ஏற்கெனவே எழுந்திருந்த தேளின் வளைந்த உடலுக்குக் கீழே, அலைக்கு மேல், அதன் கொடுக்கு துடித்துக்கொண்டு வெளிவந்தது. அதுவே மூலம்.

உத்தரம் உச்சியிலிருந்து சாயத் தொடங்கியிருந்தது. ஒன்று மேலே, ஒன்று எழ, ஒன்று இறங்கி. உரை சொன்னபடியே.

நம் மாதங்கள் விண்மீன்களை ஒட்டி அமைந்தவை. ஆதலால் பங்குனி நள்ளிரவில் உத்தரம் உச்சிக்கு வருவது இன்றும் மாறவில்லை என்று நண்பர் விளக்கினார். எங்களுக்கோ வேறொன்று உறைத்தது. கூடலூர் கிழார் அங்கே நிமித்தம் மட்டும் சொல்லவில்லை, மணி சொல்கிறார். மாதத்தைச் சொல்லி, மூன்று மீன்களின் நிலையைச் சொன்னால் நேரம் ஐயமின்றிக் கிடைத்துவிடுகிறது. பெரியவர் வலை இழுக்க வைத்திருந்த கணக்கும் இதுவே. ஒன்று ஓலையில் ஏறியதால் எங்கள் கைக்கு வந்தது. மற்றொன்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. நாங்கள் நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு போகவில்லை.

இப்போது நடக்கும்போது நோட்டுப் புத்தகம் இல்லாமல் போவதில்லை. சோனங்குப்பத்திலும் அன்னங்கோயிலிலும் இன்னும் சில முதியவர்களைக் கண்டோம். ஒருவருக்கு நாலு பெயர் தெரிகிறது, ஒருவருக்கு ஒரு மாதத்துக் கணக்கு மட்டும் நினைவிருக்கிறது. ஏழாக இருந்த பெயர்கள் பதினைந்தாகியிருக்கின்றன. எழுதுவதும் சரிபார்ப்பதும் அந்த மாணவியின் பொறுப்பு. கடலோரத்தில் உறவும் நட்பும் உடைய நண்பர்கள், அங்குள்ள பெரியவர்களிடம் ஓர் இரவு உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். அமாவாசையை ஒட்டிய நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதத்துக்கென்று தள்ளிப்போட வேண்டாம்.

தேர்வில் இப்போது எவரேனும் ஆறாங்கூட்டம் என்று எழுதினால் முழு மதிப்பெண் தருகிறோம். இதுவரை இருவர் எழுதியிருக்கிறார்கள்.